துபாய் மிஷினும் டெல்டா ஈரமும்

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் துபாயில் ஒரு கிளீனிங் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் வட்டாரத்தில் கல்யாண மண்டபம், லாட்ஜ், பள்ளிவாசல், வீடுகளுக்குக் கார்பெட் சுத்தம் செய்து கொடுக்கும் தொழில் தொடங்கலாம் என்று எண்ணம். "ஹீட்டர் வைத்த பெரிய எக்ஸ்ட்ராக்டர் ஒன்று போதும், அங்கே எல்லாவற்றையும் அதில்தான் செய்தோம்" என்கிறார் அண்ணன். (எக்ஸ்ட்ராக்டர் என்பது சூடான நீரைப் பீச்சி உடனே உறிஞ்சும் மிஷின்.) திருச்சியில் விசாரித்த கடைக்காரர் ஷாம்பூ மிஷின் வாங்கச் சொல்கிறார். வேறொருவர் தண்ணீரே படாத டிரை முறைதான் நல்லது என்கிறார். இதில் எதை வாங்குவது?

மூன்று பேர் சொல்வதும் அவரவர் இடத்தில் சரிதான். ஆனால் மூவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது: நனைத்த கார்பெட் எத்தனை மணி நேரத்தில் காயும்? நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு 18 வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். என்னைக் கேட்டால், நம் பக்கம் அழுக்கை எடுப்பது பாதி வேலை. ஈரத்தை எடுப்பதுதான் மீதிப் பாதி, அதுவும் பெரிய பாதி.

துபாயிலும் வெளியே வெக்கைதான், கடற்கரை ஈரம்தான். ஆனால் கட்டடத்துக்குள் இரவும் பகலும் ஏசி ஓடுகிறது. ஏசி அறையைக் குளிர்விப்பதோடு நிற்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியாக வெளியே சொட்ட விடுகிறது. இரவு பத்து மணிக்கு நனைத்துவிட்டுப் போனால் காலையில் ஆபீஸ் திறக்கும்போது காய்ந்திருக்கும். அந்த வேலையைச் செய்தது பாதி எக்ஸ்ட்ராக்டர், பாதி அந்த ஏசி. ஊருக்கு வரும்போது எக்ஸ்ட்ராக்டரை வாங்கிவிடலாம், அந்தக் கட்டடத்தைக் கொண்டுவர முடியாது.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தொழில் தொடங்கிய முதல் வருஷம், கார்த்திகை மாதம், திருவாரூர் பக்கம் ஒரு மண்டபம். மணமேடை, மணமகள் அறை, விருந்தினர் அறை எல்லாவற்றிலும் கார்பெட். ஒற்றை வட்டத் தட்டு சுழன்று தேய்க்கும் சிங்கிள் டிஸ்க் மிஷினில் ஷாம்பூ போட்டு நுரை பொங்கத் தேய்த்து, சாதாரண வெட் வேக்குவத்தால் உறிஞ்சிவிட்டு, ஃபேன்களைப் போட்டுவிட்டு வந்தேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் முகூர்த்தம். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை போன் வந்தது. மணமகள் அறைக்குள் நுழைய முடியவில்லை, ஈர நாய் படுத்த இடம் மாதிரி நாறுகிறது என்று. அவர்கள் சாம்பிராணி போட்டுச் சமாளித்தார்கள். நான் கூலி வாங்கவில்லை, வாங்கக் கேட்கவும் முகமில்லை. மழைக்காலம், மூடிய அறை, அடியில் தேங்கிய ஈரம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எனக்கு அப்போது அது தெரியாது.

சரி, முறைகளுக்கு வருவோம். ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்பெர்ட் ஸின்னர் 1959இல் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். சுத்தம் செய்ய நான்கு சக்திகள் வேண்டும்: மருந்து (சோப்பு மாதிரியான ரசாயனம்), சூடு, தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் எண்ணெய்ச் சட்டி விளக்குவதும் இதே கணக்குதான். வெந்நீர் இல்லையென்றால் கூடுதல் புளி, புளி குறைவென்றால் கூடுதல் கைவலி. சந்தையில் இருக்கும் எல்லாக் கார்பெட் மிஷினும் இந்த நான்கை வேறு வேறு அளவில் கலந்து தருபவைதான்.

ஆனால் இந்த நான்குக்கும் முன்னால் உலர் தூசியை எடுக்க வேண்டும். இதைப் பலர் சடங்குக்காகச் செய்துவிட்டு நகர்கிறார்கள். கார்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பங்கு ஒட்டாத தூசிதான். நம் பக்கம் அது எப்படிப்பட்ட தூசி? காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும், மாவு மாதிரி மென்மையானது. அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் சேறு. வயலில் சேறு நல்லது, கார்பெட்டின் வேரில் சேறு உட்கார்ந்தால் எந்த மிஷினாலும் முழுதாக எடுக்க முடியாது. நெல் ஆலைகளுக்குப் பக்கத்து வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு, உமிச் சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. உமிக்கரியால் பல் விளக்கியவர்களுக்கு அது எப்படித் தேய்க்கும் என்று தெரியும். ஒவ்வொருவர் கால் படும்போதும் அது கார்பெட் இழையை அதே மாதிரி தேய்த்துக்கொண்டிருக்கிறது.

அதனால் முதலில் வாங்க வேண்டியது, அடியில் சுழலும் பிரஷ் உள்ள நல்ல வேக்குவம். வெறும் குழாய் வைத்து உறிஞ்சும் வகை மேல்தூசியை மட்டும் எடுக்கும். பிரஷ் தட்டித் தட்டி அடித்தூசியைக் கிளப்பினால்தான் உறிஞ்சுவதற்குப் பொருள் உண்டு. மெதுவாக, ஒரே இடத்தில் நான்கைந்து முறை, குறுக்கும் நெடுக்கும் ஓட்ட வேண்டும். தனி விரிப்பாக இருந்தால் கவிழ்த்துப் போட்டு முதுகிலும் ஓட்டுங்கள், அப்புறம் தூக்கிப் பாருங்கள், தரையில் கோலமாவு கொட்டின மாதிரி கிடக்கும். வெளிவரும் காற்றில் தூசி திரும்பி வரக்கூடாது, ஆகவே ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். (மோட்டாரால் உறிஞ்சுவது என்ற யோசனையே புதியதுதான். 1901இல் லண்டனில் ஹியூபர்ட் பூத் மோட்டாரால் உறிஞ்சும் மிஷினைச் செய்வதற்கு முன், அவர் அங்கே பார்த்த மிஷினும் தூசியை ஊதி விரட்டத்தான் செய்தது. கொடியில் போட்டுத் தடியால் அடித்த நம் பாட்டிகள் அவர்களைவிட ஒன்றும் பின்தங்கியிருக்கவில்லை.)

இப்போது திருச்சிக் கடைக்காரர் சொன்ன ஷாம்பூ மிஷின், அதாவது அதே சிங்கிள் டிஸ்க். 17 அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 150 முதல் 175 சுற்று, மேலே ஒரு தொட்டி, அடியில் பிரஷ். தேய்ப்பு அருமை, ஆனால் நுரையைத் திரும்ப எடுக்க அதில் வழியில்லை. இழையில் தங்கிய சோப்பு காய்ந்து பிசுபிசுப்பாகி, அடுத்த வாரமே புதுத் தூசியை இழுத்துக்கொள்ளும். "சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம்தான் சீக்கிரம் அழுக்காகுது" என்று வாடிக்கையாளர் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே ஷாம்பூ முறையை மறந்துவிடுங்கள். மிஷினை மட்டும் மறக்காதீர்கள், அது வேறு சில வேலைக்கு உதவும்.

அவற்றில் ஒன்று போனட். அதே மிஷினின் அடியில் துண்டுத் துணி மாதிரி தடித்த வட்டப் பட்டை, லேசாக மருந்து தெளித்த கார்பெட்மேல் சுற்றிவந்து அழுக்கை ஒற்றி எடுக்கும். ஒரு மணி நேரத்தில் நடக்கலாம். ஆனால் இழையின் நுனியோடு சரி. அடியில் இருப்பதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளியும் விடும். வெட்டிய இழை கொண்ட நல்ல கார்பெட்டில் சுற்றுத் தடம் விழுந்து நுனி பிரியும். பட்டை காய்ந்தாலோ அழுக்கேறினாலோ உடனே புரட்ட வேண்டும். லாட்ஜ் வராந்தாவுக்கு மாதம் ஒருமுறை மேல்பூச்சு வேலையாகச் செய்யலாம். வருஷத்துக்கு ஒருமுறை செய்யும் பெரிய சுத்தம் என்று சொல்லி போனட் அடித்துக் காசு வாங்குவது நியாயமில்லை.

அண்ணன் சொல்லும் எக்ஸ்ட்ராக்டரைத்தான் உலகம் முழுக்க "ஸ்டீம் கிளீனிங்" என்று தவறாகச் சொல்கிறார்கள். ஆவி ஒன்றும் கிடையாது. சூடான நீரை அழுத்தத்தோடு பீச்சி, அதே கைப்பிடியில் இருக்கும் வாயால் உடனே உறிஞ்சுவது, அவ்வளவுதான். ஆழமாக எடுப்பதில் இதற்கு நிகர் கிடையாது, அண்ணன் சொல்வது உண்மை. நெய், எண்ணெய், குழந்தை சிறுநீர், வாந்தி, இவற்றுக்கெல்லாம் வேறு வழியே இல்லை. ஆனால் வாங்கும்போது எல்லோரும் பம்பின் அழுத்தத்தைத்தான் கேட்கிறார்கள்: 100 பிஎஸ்ஐயா, 500 பிஎஸ்ஐயா? அதைவிட வேக்குவம் மோட்டாரைக் கேளுங்கள். தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கும், எவ்வளவு காற்றை இழுக்கும் என்ற இரண்டு எண்ணும் வேண்டும். 500 பிஎஸ்ஐ பீச்சிவிட்டு ஒற்றை மோட்டாரால் உறிஞ்சினால் கார்பெட்டுக்கு அடியில் ஏரி வெட்டின கணக்கு. ஹோஸ் நீளம் கூடக் கூட உறிஞ்சுவது குறையும், மாடிக்குப் போகும்போது மிஷினையும் மேலே தூக்கிக்கொண்டு போவதே நல்லது.

கையாளும் விதத்திலும் இருக்கிறது. புதிதாக வரும் பையன்கள் பீச்சிக்கொண்டே முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். நான் சொல்லிக்கொடுப்பது: ஒரு இழுப்பு ஈரம், இரண்டு மூன்று இழுப்பு வெறும் உறிஞ்சல். கைப்பிடியின் கண்ணாடியில் நீர் ஓடுவது நின்ற பிறகுதான் அடுத்த தடம். மருந்தைத் தொட்டியில் கலக்காமல் முன்னாலேயே தெளித்து, பிரஷ் போட்டு, பத்து நிமிஷம் ஊறவிட்டு, மிஷினில் வெறும் தண்ணீரோ லேசான புளிப்பு (அமிலம்) கலந்த அலசல் நீரோ மட்டும் ஓட்டினால் சோப்பு தங்காது, நீரும் குறைவாகச் செலவாகும்.

லாரியில் பொருத்தி இன்ஜினால் ஓட்டும் பெரிய மிஷினை அண்ணன் அங்கே பார்த்திருப்பார். கும்பகோணத்துச் சந்துகளில் வண்டியை எங்கே நிறுத்துவது என்ற ஒரு கேள்வியிலேயே அந்த யோசனை முடிந்துவிடுகிறது.

எனக்கு இப்போது அதிகம் சோறு போடுவது என்கேப்சுலேஷன். பெயர் நீளம், விஷயம் எளிது. இதற்கென்று ஒரு திரவம் இருக்கிறது, அதில் ஒருவகை பாலிமர் சேர்ந்திருக்கும். கார்பெட்டில் தெளித்து, எதிரெதிராக உருளும் இரட்டை பிரஷ் மிஷினாலோ சிங்கிள் டிஸ்க்கில் மென்மையான பிரஷ் மாட்டியோ தேய்ப்போம். காயும்போது அந்தப் பாலிமர் அழுக்கைச் சுற்றிக் கற்கண்டு மாதிரி உறைந்து, பிசுபிசுக்காமல் நொறுங்கும். பிறகு வேக்குவம் போடும்போது அழுக்கோடு சேர்ந்து வந்துவிடும். மிகக் குறைந்த தண்ணீர், ஃபேன் போட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், அடைமழையில் இன்னும் கொஞ்சம் கூடும். பள்ளிவாசல்களுக்கு இது வரப்பிரசாதம். இரவு இஷா தொழுகைக்கும் விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்கும் இடையில் தொடங்கி முடிக்கலாம், விடிகாலையில் வருபவர்கள் நெற்றி ஈரமாகாது. குறை என்னவென்றால் கொழகொழவென்று எண்ணெய் தோய்ந்த கார்பெட்டுக்கும், அடிவரை இறங்கிய கறைக்கும் இது ஆகாது. வருஷத்தில் பத்து மாதம் இதைச் செய்துவிட்டு, ஒருமுறை எக்ஸ்ட்ராக்டரால் அலசிவிட வேண்டும்.

டிரை பவுடர் முறையில் மருந்து ஊறிய தூளைத் தூவி, பிரஷால் உள்ளே புகுத்தி, உறிஞ்சி எடுப்பார்கள். தண்ணீர் பட்டால் நிறம் போகும் விரிப்புகளுக்கு நல்லது. ஆனால் தூளை முழுதாக வெளியே எடுக்க நல்ல வேக்குவம் வேண்டும். ஐப்பசி ஈரத்தில் தூள் கட்டிதட்டி இழையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். உண்மையான ஆவி மிஷினும் கடைகளில் கிடைக்கும், டைல்ஸ் இடுக்குக்கும் பாத்ரூமுக்கும் வாங்குங்கள். அழுக்கை இளக்கும், எடுக்காது.

ஜமக்காளமும் கைமுடிச்சுக் கம்பளமும் தனி ஜாதி. பவானி ஜமக்காளம் பெரும்பாலும் பருத்தி, சூடான நீரில் சாயமும் விடும், சுருங்கவும் செய்யும். மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். குளிர்ந்த நீரில், தனியாக, விரைவாக அலசி நிழலில் காற்றாட விரித்தால் போதும். வீட்டில் தாத்தா காலத்து ரத்தினக்கம்பளம் என்று எடுத்துக் காட்டுவார்கள். முதலில் வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின்மேலும் சில நிமிஷம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இறங்காவிட்டால் முழுவதும் நனைத்துக் கழுவ ஏற்ற இடம் நெல் உலர்த்தும் சிமென்ட் களம். ஆடியில் களம் சும்மாதான் கிடக்கும், வாடகையும் அதிகமில்லை.

எந்த இழை என்று தெரியாமல் மருந்தைத் தொடக்கூடாது. ஓரத்தில் ஒரு நூலைப் பிய்த்து, விரலால் பிழிந்து காற்றுக் குமிழ் போக்கி, தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். பள்ளிவாசல் வரிசைக் கம்பளங்களிலும் மலிவு கார்பெட்களிலும் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். சாயம் போகாது, ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். மூழ்கினால் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் வாடை வந்தால் கம்பளி, காகிதம் எரியும் வாடை என்றால் பருத்தி, உருகிச் சொட்டினால் நைலான் போன்ற செயற்கை இழை. கம்பளிக்குக் கடுங்காரம் ஆகாது, கொதிநீர் ஆகாது, பிளீச் பட்டால் இழையே கரைந்துபோகும்.

கறைகளைப் பற்றி அண்ணன் துபாயில் கற்றது பாதிதான் இங்கே செல்லும். அங்கே காபியும் ஜூஸும். இங்கே மஞ்சள், குங்குமம், சந்தனம், வெற்றிலை, நெய், விளக்கு எண்ணெய், அதோடு டிகாஷன். இவற்றில் மஞ்சள் ஒரு மாயக்காரி. ஆரத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் ரத்தச் சிவப்பாகும். சுண்ணாம்பு காரம், மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். கார்பெட் மருந்துகளில் பெரும்பாலானவை காரம்தான். மேடையில் லேசான மஞ்சள் கறை என்று நினைத்து மருந்தைத் தெளித்தால் கண்ணெதிரே ஆரத்தித் தட்டு விரியும். மண்டபக்காரர் பக்கத்தில் நின்றால் உங்கள் முகம் வெளுத்துவிடும். பயப்படாதீர்கள், எலுமிச்சைச் சாறு மாதிரி சிட்ரிக் அமிலக் கரைசலை லேசாகத் தெளித்தால் மறுபடி மஞ்சளாகிவிடும். சொல்லப்போனால் இந்த வித்தையை வாடிக்கையாளர் முன்னால் வேண்டுமென்றே செய்து காட்டி இரண்டு மண்டபத்தில் வேலை பிடித்திருக்கிறேன்.

திரும்ப மஞ்சளானதை எப்படிப் போக்குவது? தூக்கிக்கொண்டு போகக்கூடிய விரிப்பென்றால் அலசிவிட்டு வெயிலில் போடுங்கள். குர்குமினுக்கு வெயில் ஆகாது, நாளாக ஆக வெளுத்துவிடும். சட்டையில் பட்ட சாம்பார்க் கறையை அம்மா கொடியில் போட்டுப் போக்கியது நினைவிருக்கும். அசைக்க முடியாத செயற்கை இழை என்றால் ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் குறைந்த செறிவில், ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு. குங்குமத்தில் இரண்டு வகை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய குங்குமம் புளிப்புப் பட்டால் மஞ்சளாகும், பிறகு மேலே சொன்ன வழி. சாயம் கலந்த கடைக் குங்குமம் அசையாது. அதை நனைக்கவே கூடாது, காய்ந்த தூளாகவே முடிந்தவரை உறிஞ்சிவிட்டுத்தான் அடுத்த யோசனை. டிகாஷன் கறையைக் காரத்தால் தேய்த்தால் பழுப்பு நிலைத்துவிடும், அதற்கும் புளிப்புத்தான். வெற்றிலைச் சாறு பழகிப்போயிருந்தால் முழுதாகப் போகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கறை போய்விட்டது என்று கிளம்பி வந்தபின் மறுநாள் அதே இடத்தில் தலைகாட்டும். புதுக்கறை இல்லை அது, அடியில் இருந்தது ஈரத்தோடு திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி நுனிக்கு ஏறி, நீர் ஆவியானதும் அங்கேயே தங்கிவிடுகிறது. முதுகில் சணல் வைத்த பழைய கார்பெட்டில் இன்னும் மோசம், மெதுவாகக் காய்ந்தால் சணலின் பழுப்பும் சேர்ந்து மேலே வரும். இரண்டுக்கும் மூலம் ஒன்றே, அதிக நீர், தாமதமான உலர்த்தல்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கம் பல இடங்களில் போர்வெல் நீர் உப்பு. குடிநீரே அங்கே கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. அந்த உப்பு நீரால் கார்பெட்டை அலசினால் நீர் போய் உப்பு இழையில் தங்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்களே, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் விடிகாலைகளில் அந்த அளவு சாதாரணம். ஒரு லாட்ஜில் மூன்று முறை உலர்த்தியும் காலையில் கார்பெட் சில்லென்று ஈரமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். கடைசியில் லாரித் தண்ணீர் வாங்கி அலசினோம். நல்ல நீர் கிடைக்காத ஊருக்கு நாலு கேன் தண்ணீரோடு போய் என்கேப்சுலேஷன் செய்துவிட்டு வருவதே புத்திசாலித்தனம். கடின நீர் ஹீட்டருக்குள் சுண்ணாம்பாகப் படியும், மாதம் ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலை ஓட்டுங்கள்.

மின்சாரத்திலும் துபாய் கணக்கு செல்லாது. 230 வோல்ட்டில் 15 ஆம்பியர் பிளக் ஒன்று தரக்கூடியது 3450 வாட். இரண்டு வேக்குவம் மோட்டார் 1200 வீதம் 2400, ஹீட்டர் 2000, பம்பு 200 என்று வைத்தால் 4600 ஆகிவிடுகிறது. அதனால்தான் அந்த மிஷின்களுக்கு இரண்டு ஒயர் வரும், இரண்டையும் வெவ்வேறு லைனில் சொருக வேண்டும். பழைய மண்டபங்களில் சமையல்கட்டைத் தவிர வேறு எங்கும் 15 ஆம்பியர் பிளக் இருக்காது, இருந்தாலும் எர்த் இருக்கும் என்று நம்ப முடியாது. நீரும் மின்சாரமும் சேரும் வேலை இது, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்திய ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சொந்தமாகச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் இல்லாத மிஷினில் சமையல்கட்டு வெந்நீரை ஊற்றியும் வேலை பார்க்கலாம், மிஷின் தாங்கும் சூடு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துவிட்டு.

உலர்த்துவதற்குத் தரையோடு காற்று அடிக்கும் பிளோயர் குறைந்தது மூன்று வேண்டும். சீலிங் ஃபேனை நம்பாதீர்கள். சுவரோரம் சாய்த்து, காற்று தரையைத் தடவிக்கொண்டு ஒரே திசையில் சுற்றும்படி வையுங்கள். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பங்குனி வெயிலில் திறந்துவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் திறந்தால் ஈரத்தை உள்ளே அழைக்கிறீர்கள். அப்போது எல்லாவற்றையும் மூடி, ஏசியை டிரை நிலையில் வைத்து, அல்லது காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹ்யூமிடிஃபையர் ஒன்றை ஓட்டி, பிளோயரையும் போட வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் ஈரப்பதமானி ஒன்று வாங்கிவிட்டால் ஊகிக்கத் தேவையில்லை.

இதற்கெல்லாம் மேல் நம் பஞ்சாங்கமே தொழிலுக்கு வழிகாட்டும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், காற்றோ அம்மியைத் தூக்கும். எக்ஸ்ட்ராக்டரை வைத்து ஆழக் கழுவ அதைவிட நல்ல மாதம் இல்லை. ஆவணியில் மேடை தயாராக இருக்கும் என்று ஆனியிலேயே போய்ப் பேசிவிடுங்கள். மார்கழியிலும் மண்டபம் காலிதான், ஆனால் பனி. அப்போது என்கேப்சுலேஷன் மட்டும், தண்ணீர் அதிகம் பிடிக்கும் எந்த முறையும் வேண்டாம். பள்ளிவாசல்களில் ரமலானுக்கு முந்தைய மாதமே கேட்பார்கள், அந்த மாதம் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும் என்பதால் நமக்குச் சில வருஷம் வெயிலிலும் சில வருஷம் மழையிலும் வரும். விலை பேசும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.

ஆக என் கையில் உங்கள் அண்ணனின் சேமிப்பு இருந்தால்: பாதிக்குமேல் செலவழிக்காமல் நல்ல பிரஷ் வேக்குவம், 17 அங்குல சிங்கிள் டிஸ்க், மூன்று பிளோயர், கார்ச்சர் புஸ்ஸி 10/1 மாதிரி பத்து லிட்டர் தொட்டி கொண்ட சின்ன எக்ஸ்ட்ராக்டர் ஒன்று. இந்தச் சின்னது ஹாலுக்குப் பத்தாது, ஆனால் சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் கறைக்கும் இதுவே போதும். டெல்டாவில் கார்பெட்டை மட்டும் நம்பித் தொழில் நிற்காது, வீட்டு வருமானம் சோபாவில்தான் இருக்கிறது. சிங்கிள் டிஸ்க்கை மண்டபத்தின் மொசைக் தரை தேய்க்கவும் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு வருஷம் ஓடிய பிறகு, பள்ளிவாசல் வேலை நிலையாகக் கிடைத்தால் இரட்டை பிரஷ் மிஷின், அதற்கும் அடுத்துத்தான் அண்ணன் ஆசைப்படும் ஹீட்டர் எக்ஸ்ட்ராக்டர். எதை வாங்கினாலும் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ பாகம் கிடைக்குமா, மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தால் இங்கேயே மாற்ற ஆள் உண்டா என்று முதலில் கேளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு பம்பு நின்றால் எந்தக் கம்பெனியின் பெயரும் உதவாது.

மண்டபங்களில் நடைபாதைக்கு விரிக்கும் மெல்லிய சிவப்பு நான்-ஓவன் (நெய்யாத துணி) விரிப்பைக் கழுவச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதை வேக்குவம் மட்டும் போட்டுக் கொடுங்கள், கழுவும் கூலியில் புதிதே வாங்கிவிடலாம். வெள்ளத்தில் மூழ்கிய கார்பெட்டுக்குக் கூப்பிட்டால் போகவே போகாதீர்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து எனக்கு நிறையப் பேர் போன் செய்தார்கள். மின்சாரம் பல நாள் கிடையாது, வெள்ளத்தில் சாக்கடை கலந்திருந்தது. அந்த மாதிரி நீரில் ஊறிய கார்பெட்டைக் கழிக்கத்தான் வேண்டும் என்பதே உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருக்கும் விதி. ஒரு வீட்டில் அம்மாவின் சீதனக் கம்பளம் என்று அழுதார்கள், மனசு கேட்காமல் எடுத்து வந்து களத்தில் நான்கு முறை அலசிப் பார்த்தேன். வாடை போகவில்லை. நானே திரும்பக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.